கொழுப்பு மறையும் பரம்பரை நோய்களுக்கு மரபணுப் பரிசோதனை: கொழும்பில் கிடைக்கும் சேவை காசுக்குப் பெறுமதியா?

ஊதா மூடிக் குழாயில் மூன்று நான்கு மில்லிலீற்றர் இரத்தம், இரண்டு பக்கப் படிவம், கையில் ஒரு பற்றுச்சீட்டு. லிபோடிஸ்ட்ரோஃபி (கொழுப்புத் திசு மறையும் நோய்) மரபணுப் பரிசோதனைக்குக் கொழும்பில் காசு கட்டினால் முதல் நாளில் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். மீதி வேலை பெரும்பாலும் கடல் தாண்டி நடக்கிறது. சில கிழமைகள் கழித்து மின்னஞ்சலில் ஒரு பிடிஎஃப் வந்து விழும்.

இங்கே ஆய்வுகூடங்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தப் போவதில்லை. பொரளையில் கொடுத்தாலென்ன, வெள்ளவத்தையில் கொடுத்தாலென்ன, சேவையின் உறுப்புகள் ஒன்றுதான்: இரத்தம் எடுப்பது, படிவம் நிரப்புவது, டிஎன்ஏயின் எழுத்துகளை வாசிப்பது, வாசித்ததில் எதைச் சொல்வது என்று தீர்மானிப்பது, கடைசியில் அதை ஆளுக்குப் புரிய வைப்பது. கருவி வாசிப்பதில் இன்று பெரிய குறை இல்லை. குறைகள் அதற்கு முன்னும் பின்னும் இருக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியது படிவம்.

நோயைப் பற்றிக் கொஞ்சம். சாப்பிடும் கொழுப்பைப் போட்டு வைக்க உடம்புக்கு ஒரு களஞ்சியம் வேண்டும். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புத் திசுதான் அது. அது பிறவியிலேயே கட்டப்படாமல் விட்டாலோ, பருவ வயதில் இடிந்து போனாலோ, கொழுப்பு ஈரலிலும் தசையிலும் இரத்தத்திலும் போய்க் குந்திக்கொள்ளும். மெலிந்த ஆளுக்குப் பருத்த ஆளின் வருத்தங்கள் எல்லாம் வரும்: ஈரலில் கொழுப்பு, இன்சுலினுக்கு அடங்காத சீனி வருத்தம், ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு ஆயிரத்தைத் தாண்டிக் கணைய அழற்சி. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டினும் குறைந்து போவதால் பசி அடங்காது. பிறவி வகையில் குழந்தை ஓயாமல் பாலுக்கு அழும். ‘மெலிந்து கிடக்கிறதே’ என்று வீட்டார் மேலும் மேலும் ஊட்டுவார்கள். ஈரல் இன்னும் வீங்கும்.

சிறு வயதிலேயே முதுமை தட்டும் நோய்களோடு இது எங்கே முட்டுகிறது? எல்எம்என்ஏ என்ற ஒற்றை மரபணுவில். (நம் பாடநூலில் பரம்பரையலகு என்று படித்தோமே, அதுதான் மரபணு.) கலத்தின் கருவுக்கு உட்சுவராக நிற்கும் லமின் ஏ, லமின் சி என்ற இரு புரதங்களுக்கும் அதுவே மூலப்பிரதி. அதில் 482ஆம் அமினோ அமிலம் மாறினால் டனிகன் வகைப் பகுதி லிபோடிஸ்ட்ரோஃபி: பருவமடையும்போது கை, கால், பின்புறக் கொழுப்பு கரைய, முகமும் கழுத்தும் ஊதும். 527ஆம் இடம் இரு பிரதியிலும் மாறினால் தாடையும் விரல் நுனி எலும்புகளும் தேயும் இன்னொரு நோய். 608ஆம் இடத்தில் ஓர் எழுத்துப் பிசகினால் ஹட்சின்சன்-கில்ஃபோர்ட் புரோஜீரியா: பிறக்கும்போது சாதாரணமாக இருக்கும் பிள்ளை முதல் இரண்டு வருடத்துக்குள் வளர்ச்சி நின்று, முடி கொட்டி, தோலடிக் கொழுப்பு போய், மருந்தில்லாவிட்டால் சராசரியாக 14½ வயதில் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ இறந்துபோகும். புத்திக்கு ஒரு குறையும் இருக்காது. டனிகன் வகையை ஸ்கொட்லாந்தில் விவரித்தது 1974இல்; அதற்கும் எல்எம்என்ஏக்கும் முடிச்சுப் போட்டது 2000இல்; புரோஜீரியாவும் அதே மரபணு என்று தெரிந்தது 2003இல்.

ஆகவே நல்ல பெனலில் (பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பரிசோதனைத் தொகுப்பில்) கொழுப்பு வரிசையும் முதுமை வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். கொழுப்பு வரிசையில் ஏஜிபேட்2, பிஎஸ்சிஎல்2, கேவ்1, கேவின்1, பிபிஏஆர்ஜி, பிலின்1, சைடெக், லைப்பி. முதுமை வரிசையில் வெர்னர் நோயின் டபிள்யூஆர்என், காது கேளாமையோடு தாடை சிறுத்து வரும் வகையின் பொல்டி1, லமினைக் கத்தரிக்கும் நொதியின் இசட்எம்பிஸ்டி24, பிறந்தவுடனே கிழத்தோற்றம் தரும் வகையின் பொல்ஆர்3ஏ, இரண்டு வயதளவில் தொடங்கும் நெஸ்டர்-கில்லெர்மோ வகையின் பேன்எஃப்1. எல்எம்என்ஏ இரண்டுக்கும் பொது. பட்டியலை எழுத்தில் வாங்கிப் பாருங்கள். ‘நூறு மரபணு பார்க்கிறோம்’ என்ற விளம்பரத்தால் ஒன்றும் ஆகாது. மேலே சொன்ன பதினான்கும், எல்எம்என்ஏ உட்பட, ஏஜிபேட்2இலிருந்து பேன்எஃப்1 வரை உள்ளதா என்பதே கேள்வி. மரபணு எண்ணிக்கை கூடக் கூட அர்த்தம் தெரியாத மாற்றங்களும் கூடும்.

யாருக்கு இது தேவை? கொழும்பில் மெலிந்த நீரிழிவுக்காரர் தெருவுக்குப் பத்துப் பேர். தெற்காசியருக்கு எடை கூடாமலே சீனி வரும். மெலிவை மட்டும் வைத்து இந்தப் பரிசோதனைக்கு ஓடினால் காசு கரியாகும். சந்தேகப்பட வேண்டிய சேர்க்கை வேறு. நாளுக்கு 200 அலகுக்கு மேல் அல்லது ஒரு கிலோ எடைக்கு 2 அலகுக்கு மேல் இன்சுலின் போட்டும் சீனி இறங்கவில்லை. வெறும் வயிற்று ட்ரைகிளிசரைட் 500க்கு மேலேயே நிற்கிறது. கழுத்து மடிப்பிலும் கக்கத்திலும் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. கெண்டைக்காலில் தசையும் இரத்த நாளமும் வரி வரியாகப் புடைத்திருக்கின்றன, உடற்பயிற்சிக் கூடத்தின் வாசல் கூட மிதித்திராத பெண்ணுக்கு. டனிகன் வகைப் பெண்களைச் சூலக நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) என்றும் குஷிங் நோய் என்றும் வருடக்கணக்கில் வைத்தியம் பார்ப்பது உலகமெங்கும் நடப்பது. ஆண்களில் இந்தத் தோற்றம் இன்னும் எளிதாகத் தப்பிவிடும், தசைப்பிடிப்பான ஆள் என்று.

காசு கட்டுமுன் செய்யக்கூடிய மிக மலிவான சோதனை தோல்மடிப்பு அளவி. வலது தொடையின் முன்பக்கம், இடுப்பு மடிப்புக்கும் முழங்கால் சில்லின் மேல் விளிம்புக்கும் சரி நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. பாரம் முழுவதையும் இடது காலில் போட்டு நிற்கச் சொல்ல வேண்டும். வலது தொடை இறுகியிருந்தால் தசையும் சேர்ந்து பிடிபடும். புள்ளிக்கு ஒரு சென்டிமீற்றர் மேலே பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலைத் தூக்கிப் பிடித்து, அளவியின் வாயைப் புள்ளியில் வைத்து, விசையை விட்டு இரண்டு விநாடி பொறுத்து வாசிக்க வேண்டும். உடனே வாசித்தால் கூடக் காட்டும். நெடுநேரம் விட்டால் கொழுப்பு நசுங்கிக் குறையக் காட்டும். மூன்று முறை எடுத்து நடு எண்ணைக் குறியுங்கள். சர்வதேச வழிகாட்டி ஆணுக்கு 10 மில்லிமீற்றரும் அதற்குக் கீழும், பெண்ணுக்கு 22ம் அதற்குக் கீழும் சந்தேகத்துக்குரியவை என்கிறது. இந்த எல்லைகளை நம்மவர் தொடைக்குச் சட்டமாக எடுக்க முடியாது. தொடை 12, வயிற்று மடிப்பு 35 என்று ஒரே ஆளில் இருக்கும் ஏறுமாறுதான் பேசும். வில் அழுத்தம் இல்லாத பிளாஸ்டிக் அளவி பிடிக்கும் கையைப் பொறுத்து எண் காட்டும், வாங்கவே வேண்டாம். ஹார்ப்பெண்டென் போன்ற உலோக அளவி சதுர மில்லிமீற்றருக்கு 10 கிராம் என்று மாறாத அழுத்தம் தரும்.

கூடவே வெறும் வயிற்றில் லிப்பிட், ஈரல் நொதிகள், ஈரல் ஸ்கேன், முடிந்தால் லெப்டின். லெப்டின் குறைந்திருப்பது சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கும், ஆனால் நோயைத் தீர்மானிக்காது. பட்டினி கிடந்தவருக்கும் அது குறையும். இன்னும் ஒன்று: பிறவியில் இல்லாமல் இடையில் கொழுப்பு போனவரிடம் மருந்துப் பட்டியலைக் கேட்காமல் மரபணுவுக்குப் போகக் கூடாது. ஸ்டாவுடின், சிடோவுடின் போன்ற பழைய எச்ஐவி மருந்துகள் முகத்திலும் கை காலிலும் கொழுப்பைக் கரைக்கும். அதே நோய்க்கான புரோட்டியேஸ் தடுப்பிகள் சில, லமினைக் கத்தரிக்கும் அந்த இசட்எம்பிஸ்டி24 நொதியையே முடக்குகின்றன. மருந்தால் வருவதும் பரம்பரையில் வருவதும் ஒரே ஒழுங்கையில் சந்திக்கும் இடம் அது. முகத்திலிருந்து இடுப்பு வரை மட்டும் கொழுப்பு இறங்கி, இரத்தத்தில் சி3 என்ற புரதம் குறைந்திருந்தால் அது பாராக்கர்-சைமன்ஸ் என்ற, பரம்பரையில் வராத வகை, பின்னால் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. அதற்கும் பெனல் பதில் சொல்லாது.

இரத்தம் எடுக்கும் மேசைக்கு வருவோம். ஊதா மூடி என்றால் உள்ளே இரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ. பச்சை மூடிக் குழாயில் ஹெப்பாரின் இருக்கும். அது டிஎன்ஏயைப் பெருக்கும் வினையைக் குழப்பும். தவறான மூடியில் எடுத்தது வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகே நிராகரிக்கப்படும். இரண்டு கிழமை வீண். எடுத்தவுடன் குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாக்க வேண்டும். குலுக்கினால் கலங்கள் உடையும், சும்மா விட்டால் கட்டி பிடிக்கும். முழு இரத்தத்தை உறைய வைக்கக் கூடாது. 4 பாகையில் ஒரு கிழமை தாங்கும். நம் பகல் வெயிலில் கார் டிக்கியில் தாங்காது. கொழும்பில் இதைவிட முக்கியமானது கலண்டர். வெள்ளிக்கிழமை பின்னேரம் கொடுத்து, திங்கள் போயா லீவாக இருந்தால், குழாய் நாலு நாள் இங்கேயே கிடக்கும். திங்கள் அல்லது செவ்வாய் காலையில் கொடுங்கள். ‘இன்றைக்கே கூரியரில் போகுமா?’ என்று கேட்டு, போகாது என்றால் எங்கே வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கேள்விக்குத் தடுமாறும் இடத்தில் குழாயைக் கொடுக்காமல் திரும்பினால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சிறு பிள்ளைக்கு எச்சில் குழாய் தருகிறார்கள். வலி இல்லை, ஆனால் அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் குடிக்காமல் இருக்க வேண்டும். பசி அடங்காத பிள்ளையிடம் அதைச் சாதிப்பது பெரிய பாடு. இரத்தமே மேல். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் படிவத்தில் திகதியோடு எழுத வேண்டும்.

இனிப் படிவம். ‘சந்தேக நோய்’ என்ற ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலான படிவங்களில் அங்கே ‘லிபோடிஸ்ட்ரோஃபி?’ என்று ஒரு சொல்லும் ஒரு கேள்விக்குறியும். எழுத்துகளை வாசிக்கும் கருவிக்கு அது போதும். வாசித்ததில் எதை அறிக்கையில் ஏற்றுவது என்று தீர்மானிக்கும் ஆளுக்குப் போதாது. ஒரு மனிதனின் மரபணுக்களில் ஆயிரக்கணக்கான சின்ன மாற்றங்கள் உள்ளன. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் சல்லடையின் கண் அளவைத் தீர்மானிக்க முடியும். எழுத வேண்டியவை: கொழுப்பு எப்போது போகத் தொடங்கியது, எங்கே போயிற்று, எங்கே மிஞ்சியிருக்கிறது, உள்ளங்கை, உள்ளங்கால், கண்குழி மெத்தைக் கொழுப்பு உண்டா (பிறவி வகையில் ஏஜிபேட்2 என்றால் அது மிஞ்சும், பிஎஸ்சிஎல்2 என்றால் அதுவும் போகும்), உயரம், தாடை, முடி, கண்புரை, காது, குரல், ட்ரைகிளிசரைட்டின் உச்ச எண், இதயத் துடிப்பில் பிசகு, தசைப் பலவீனம். பெற்றோர் உறவுக்காரரா என்பதையும் எழுத வேண்டும், வெட்கப்படாமல். மச்சான் மச்சாள் கலியாணம் நம்மிடையே புதிதல்ல. பிறவி வகை இரு பக்கப் பிரதியும் கெட்டால் மட்டுமே வரும் நோய் என்பதால் அந்த ஒரு வரி வாசிப்பவருக்கு வழிகாட்டி. முடிந்தால் முன், பின், பக்கத் தோற்றப் படங்களையும் சம்மதத்தோடு இணையுங்கள். சனல் பண்ணிய டொக்டருக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் என்பதால் இதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக் கொண்டு போவது நல்லது.

எந்தப் பொதியை வாங்குவது? விற்பவை மூன்று. ஒரு மரபணுவை, அல்லது அதன் ஒரு துண்டை மட்டும், சாங்கர் என்ற பழைய, துண்டு துண்டாக வாசிக்கும் முறையில் வாசிப்பது, பெனல், எக்சோம் (எல்லா மரபணுக்களிலும் புரதம் கட்டும் பகுதிகளை வாசிப்பது). டனிகன் தோற்றம் சந்தேகமில்லாமல் இருந்தால் எல்எம்என்ஏயின் 8ஆம் எக்சோன் (மரபணுவில் புரதம் கட்டும் துண்டு) ஒன்றே முதலில் போதும். 482ஆம் இடம் அதற்குள்தான் இருக்கிறது, அந்த வகையினரில் பெரும்பாலானோருக்குப் பிசகு அங்கேயே. வீட்டில் ஒருவருக்கு ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தால் மற்றவர்களுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் முடிந்தது. அவர்களுக்கும் பெனல் விற்கிற இடம் சேவை செய்யவில்லை, வியாபாரம் செய்கிறது. தோற்றம் கலப்பாக இருந்தால் பெனல். பிள்ளைக்குப் பல உறுப்பில் குறை, எதோடும் பொருந்தவில்லை என்றால் பெற்றோர் இரத்தத்தோடு சேர்த்து மூவர் எக்சோம். தனி ஆள் எக்சோமை விட அது கூடச் செலவு, கூடவே பயன். பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையில் புதிதாக வந்ததை அதுதான் உடனே காட்டும். புரோஜீரியா என்றே சந்தேகம் என்றால் காசு கட்டுமுன் ஒரு வழி இருக்கிறது: அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய புரோஜீரியா ரிசேர்ச் ஃபவுண்டேஷன் அந்தப் பரிசோதனையைக் குடும்பங்களுக்கு இலவசமாகவே செய்து தருகிறது.

இப்போது பிடிஎஃப். கடைசியில் வருவது என்றாலும் நேரம் செலவழித்து வாசிக்க வேண்டியது இது.

புரோஜீரியாவின் பிசகை எடுத்துக்கொள்வோம். எல்எம்என்ஏயின் 1824ஆம் எழுத்தில் சி இருக்க வேண்டும், டி வந்துவிடுகிறது. ஜிஜிசி என்ற மூவெழுத்து ஜிஜிடி ஆகிறது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே, கிளைசின். புரதத்தின் எழுத்துக் கணக்கில் எதுவும் மாறவில்லை. ‘ஊமை மாற்றம்’ என்பார்கள். பல கணினிச் சல்லடைகள் இத்தகைய ஊமைகளை முதல் தட்டிலேயே தள்ளிவிடும்படி அமைக்கப்படுகின்றன. ஆனால் இந்த ஊமை பேசுகிறது: அந்த டி, 11ஆம் எக்சோனுக்குள் ஒரு போலி வெட்டுமிடத்தைத் திறந்துவிடுகிறது. அங்கே வெட்டினால் 150 எழுத்து, அதாவது 50 அமினோ அமிலம், விழுந்துபோகும். லமின் ஏயின் வாலைக் கத்தரிக்க வேண்டிய இடமும் அந்த ஐம்பதுக்குள்தான் இருக்கிறது. கத்தரிபடாத வாலில் ஃபார்னசில் என்ற எண்ணெய்ப் பிசின் அப்படியே ஒட்டியிருக்க, புரோஜெரின் என்ற அந்தக் குறைப் புரதம் கருவின் சுவரில் ஒட்டிக்கொண்டு அதைக் கோணலாக்கும். அறிவிக்கப்பட்ட நோய்ப் பிசகுகளின் பட்டியலோடு ஒப்பிடும் படி சல்லடையில் இருந்தால் இது பிடிபடும். இல்லாவிட்டால் ‘ஒன்றுமில்லை’ என்று அறிக்கை வரும். ஆய்வுகூடத்திடம் எழுத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஊமை மாற்றங்களையும் எக்சோன் ஓரங்களையும் பார்த்தீர்களா?

இரண்டாவது கேள்வி இன்னும் சிறியது, இன்னும் அபாயமானது. எல்எம்என்ஏக்கு இரண்டு வாசிப்புகள் உண்டு. லமின் சி 10ஆம் எக்சோனோடு முடியும். 11, 12 லமின் ஏக்கு மட்டும் உரியவை. லமின் சி வாசிப்பை அளவுகோலாக வைத்து எழுதிய அறிக்கையில் 1824ஆம் இடம் என்று ஒன்றே இல்லை. பிடிஎஃப்பின் அடியில் பொடி எழுத்தில், எந்த ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது எந்த வாசிப்பு, என்று ஓர் எண் இருக்கும். லமின் ஏக்குரியது 170707 என்று முடிய வேண்டும். 005572 என்றிருந்தால் அது லமின் சி; அறிக்கையைத் திருப்பி அனுப்பி லமின் ஏ வைத்து மீண்டும் எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒரு மரபணுவின் துண்டே இல்லாமற்போவது. எழுத்துப் பிசகைத் தேடும் முறை, ஒரு பக்கம் முழுவதும் கிழிந்திருப்பதைக் கவனிக்காமல் விடக்கூடும். எக்சோன் இழப்பையும் பார்த்தோம் என்று அறிக்கையில் வரி இருக்க வேண்டும். ஒவ்வொரு மரபணுவும் எத்தனை விழுக்காடு வாசிக்கப்பட்டது என்ற அட்டவணையும் வேண்டும். மொத்தச் சராசரி ‘99’ என்று போட்டு ஒரு முக்கிய எக்சோன் வாசிபடாமல் இருந்தால் அந்த 99 எதற்கு?

அறிக்கையில் ஐந்து தரம் உண்டு: நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, அர்த்தம் தெரியாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. நடுவில் உள்ளதுதான் வீட்டுக்குள் சண்டை மூட்டும். ‘மிக அரிதான மாற்றம்’ என்று எழுதியிருப்பார்கள். அந்த அரிது என்ற கணக்கு உலகத் தரவுத்தளங்களில் போடப்பட்டது, இலங்கைத் தமிழரும் சிங்களவரும் சோனகரும் அவற்றில் சொற்பம். அங்கே அரிதானது கொட்டாஞ்சேனையில் சாதாரணமாக இருக்கலாம். அர்த்தம் தெரியாத மாற்றத்தை வைத்து எந்த மருந்தும் தொடங்கவும் கூடாது, எந்தக் கலியாணப் பேச்சும் குழப்பவும் கூடாது. பெற்றோரிலும் நோய் உள்ள, இல்லாத உறவினரிலும் அந்த ஓரிடத்தைப் பார்த்தால் பெரும்பாலும் தெளிவு கிடைக்கும்.

பிசகு இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்றாகாது. கோபெர்லிங் வகை என்ற பகுதி லிபோடிஸ்ட்ரோஃபிக்கு ஒற்றை மரபணு இல்லை; தொடையில் மெலிவும் வயிற்றில் பருமனும் சீனியும் சேர்ந்து நிற்கும் அந்தப் பெண்ணுக்குப் பெனல் எப்போதும் வெறுமைதான். சிகிச்சை தொடர வேண்டியது அளவியும் இரத்தமும் சொல்வதை வைத்து.

விளக்கிச் சொல்லும் சேவைதான் கொழும்பில் ஆகப் பலவீனமான கண்ணி. பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ‘உங்கள் டொக்டரிடம் காட்டுங்கள்’ என்பதோடு பலர் கை கழுவுகிறார்கள். கின்சி வீதியில் மருத்துவ பீடத்தின் மனித மரபியல் அலகு 1983இலிருந்து இருக்கிறது. மரபியல் ஆலோசனை என்பது என்னவென்று தெரிந்த இடம். அறிக்கை வந்த பின் போவதைவிடக் குழாய் கொடுக்குமுன் போனால் பயன் கூட. அங்கே கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, யார் மேல் பழி. புரோஜீரியா ஏறத்தாழ எப்போதும் புதிதாக விழும் பிசகு. தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை, சொந்தத்துக்குள் முடித்ததாலும் வரவில்லை. அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. பிறவி லிபோடிஸ்ட்ரோஃபியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. டனிகன் வகையில் இரண்டில் ஒன்று, ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காது. மற்றது, இதயம். எல்எம்என்ஏ பிசகுகள் பல இதயத்தின் மின்கடத்தலையும் தசையையும் கெடுக்கும். சீனியும் கொழுப்பும் சரியாக இருக்கும் தம்பிக்கும் அதே பிசகு இருந்தால் ஈசிஜி, எக்கோ, ஹோல்டர் (நாள் முழுவதும் இதயத் துடிப்பைப் பதிவது) வேண்டும். இந்தப் பரிசோதனை முழுவதிலும் உயிர் காக்கக்கூடிய ஒரே வரி சில வேளை இதுவாகவே இருக்கும். அதைச் சொல்லாமல் விடும் சேவைக்கு ஐந்துக்கு இரண்டுக்கு மேல் போட முடியாது.

அறிக்கையால் மருந்தில் என்ன மாறும்? லெப்டின் இல்லாதவருக்கு மெட்ரிலெப்டின் ஊசி: அமெரிக்காவில் 2014இலிருந்து உடல் முழுவதும் கொழுப்பற்ற வகைக்கு, ஐரோப்பாவில் 2018இலிருந்து பகுதி வகையில் சிலருக்கும். 11.3 மில்லிகிராம் தூள் குப்பிக்கு 2.2 மில்லிலீற்றர் நீர் விட்டால் மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம். சுழற்ற வேண்டும், குலுக்கக் கூடாது. தவறு நடப்பது ஊசிக்குழாயில்: நம் வீடுகளில் உள்ள யூ-100 இன்சுலின் ஊசியில் ஒரு கோடு 0.05 மில்லிகிராம், 2.5 மில்லிகிராம் என்பது 50ஆம் கோடு. மில்லிகிராமையும் அலகையும் மாற்றிப் போட்டால் இருபது மடங்கு வித்தியாசம். கைக்குழந்தைக்குப் பென்சில் அல்கஹோல் சேர்ந்த நீரில் கரைக்கவே கூடாது. தொடங்கியதும் இன்சுலின் தேவை இறங்கும், சீனி விழாமல் பார்க்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் ட்ரைகிளிசரைட் எகிறிக் கணையம் அழலும். பென்சில் அல்கஹோல் நீரில் கரைத்த குப்பி 2 முதல் 8 பாகையில் மூன்று நாள் தாங்கும், வெறும் ஊசி நீரில் கரைத்ததை உடனே போட வேண்டும். கரண்ட் போகும் வீட்டில் ஐஸ் பெட்டி கைவசம் வேண்டும், ஐஸில் நேரே தொடாமல்.

புரோஜீரியாவுக்கு லோனாஃபார்னிப், அமெரிக்காவில் 2020 நவம்பரில் அனுமதி பெற்றது. அந்த ஃபார்னசில் பிசின் ஒட்டுவதையே தடுக்கிறது. உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு 115 மில்லிகிராம் இரு வேளை, நான்கு மாதம் கழித்து 150. உணவோடு கொடுக்க வேண்டும். முதல் மாதங்களில் வாந்தியும் வயிற்றோட்டமும் கூட. கிரேப்ஃப்ரூட் கூடாது, அதன் உறவான ஜம்போலாவும் வேண்டாம். இது வேலை செய்வது குறிப்பிட்ட பிசகுகளுக்கு மட்டும் என்பதால், அறிக்கையில் சரியான எழுத்து இல்லாமல் மருந்தைக் கேட்கவே முடியாது. வெர்னர் நோய்க்கு இது பயன்படாது, தோற்றம் எவ்வளவு ஒத்திருந்தாலும். இங்கே பதிவில்லாத மருந்தை ஒரு நோயாளிக்காகத் தருவிக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அந்தக் கோப்பிலும் முதல் தாள் இந்த அறிக்கைதான்.

மருந்து கிடைக்கும் வரையிலும், கிடைத்த பிறகும், சாப்பாடுதான் தூண். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் குறைய வேண்டும். சொதியைத் தண்ணியாக வைக்கலாம். தேங்காயெண்ணெயை ‘எம்சிடி எண்ணெய்’ என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். அதில் மிகுதி லோரிக் அமிலம், வைத்தியத்துக்குப் பயன்படும் எம்சிடி அதைவிடக் குறுகிய சங்கிலிகள். மது வேண்டாம். ஈஸ்ட்ரஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரை ட்ரைகிளிசரைட்டைக் கிளப்பும். டனிகன் வகைப் பெண்ணுக்குச் சூலக நீர்க்கட்டி என்று அதையே எழுதிக் கொடுப்பது வழமையான பிழை.

காசு கட்டும்போதே இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: மூலத் தரவுக் கோப்பு. பிடிஎஃப் ஒரு நாளைய அறிவு. எழுத்துகள் மாறாது, அவற்றின் அர்த்தம் வருடா வருடம் கூடும். இரண்டு வருடம் கழித்து அதே கோப்பை மறுவாசிப்புக்குக் கொடுக்கலாம், புதுக் குழாய் தேவையில்லை. கோப்பு பல ஜிகாபைட் வரும், வாட்ஸ்அப்பில் வராது. ஒரு பென் டிரைவைக் கொடுத்து, எத்தனை வருடம் தங்களிடம் வைத்திருப்பார்கள் என்பதைப் பற்றுச்சீட்டின் பின்புறத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.